மந்தோவாவில் தைத்த பொத்தான்

கியோஜ்ஜா
10 அக்டோபர் 1961, செவ்வாய்

ஒரெஸ்தே,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

நேற்று நீ கண் விழிப்பதற்குள் நான் ஏன் கிளம்பிப் போனேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு திரியாதே. அக்கா நோர்மாவின் வீட்டில் இருக்கிறேன். அவளுக்கு மூட்டுவலி, உதவிக்குப் போயிருக்கிறேன் என்று கேட்பவர்களிடம் சொல். நீ பொய் சொல்லப் பழகியவன்தான், இதையும் சேர்த்துச் சொல்லிவிடு. பாத்திரத்தில் இரண்டு நாளைக்கு அவரைக்காய் சூப் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தொடங்குகிறேன். கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாக மந்தோவாவுக்குக் கூட்டிப்போ என்று கேட்டு வந்திருக்கிறேன். ஃபெர்ராராவிலிருந்து சுஸ்ஸாராவில் ஒரு ரயில் மாறினால் வந்துவிடுகிற ஊர். ஏரி நாறும் என்பாய், கொசு பிய்த்துவிடும் என்பாய், அந்த ஊர்க்காரன் பரங்கிக்காயில் பிஸ்கட் போட்டுத் தின்கிறவன் என்பாய். இந்த வருஷம் நான் வாயைத் திறக்கும் முன்பே கல்யாண நாளுக்கென்று நீயே டிக்கெட் வாங்கி வந்தாய். மாந்தேன்யா என்ற பழைய ஓவியனின் கண்காட்சி நடக்கிறது, ஊரே போகிறது என்றாய். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அப்போதே நினைத்தேன். ஆனாலும் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு ஆசையாகத்தான் வந்தேன், அது உனக்குத் தெரியும்.

அரண்மனையில் அந்த மணமக்கள் அறைக்குள் நம்மை விட்டார்கள். கூரையில் வட்டமாக ஒரு திறப்பு வரைந்திருந்தானே, அதன் விளிம்பில் சாய்ந்து பெண்கள் கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்களே. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பதினைந்து வருஷம் காத்து வந்த இடத்தில், பன்னிரண்டரைக்குப் போய் உட்கார வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாய்.

அங்கேயிருந்து வளைவுக் கூடத்தின் அடியில் போய், இரண்டு சந்து திரும்பி, மூன்று நல்ல சாப்பாட்டுக்கடைகளைத் தாண்டி அந்தக் கடைக்குப் போனோம். வழியில் ஒருவரிடம்கூட நீ வழி கேட்கவில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த ஊரில் கால் வைத்ததில்லை என்று ரயிலில் சொல்லிக்கொண்டே வந்தவன் நீ.

பரிமாறியவள் மிரெல்லா. யாரோ அப்படிக் கூப்பிட்டார்கள். முப்பது வயதிருக்கும், நகத்தில் சிவப்புச் சாயம். என்னை உட்காரச் சொன்னாள். உன்னிடம் எதுவுமே சொல்லவில்லை. நீ கேட்காமலே ஒரு கிண்ணத்தில் சூடான சூப்பைக் கொண்டுவந்து, அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, கணப்புப் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். நீ எழுந்துபோய், எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி, கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாய். அந்த ஊர்க் கிழவர்கள் இரண்டு பேர் உனக்குப் பக்கத்தில் அதேபோல நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். என் சூப்பில் ஒரு சிட்டிகை மிளகு கூடினாலே முகத்தைச் சுளிக்கிறவன் நீ. இந்தப் பழக்கத்தை எங்கே கற்றாய்?

அப்புறம் மாவுக்குள் பரங்கிக்காய்ப் பூரணம் வைத்து மடித்த தொர்தெல்லி வந்தது. ஒரு வாய் வைத்தேன், ஒரே தித்திப்பு. எனக்கு ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்தது. பரங்கிக்காயில் பாதாம் பிஸ்கட்டைப் பொடித்துப் போடுகிறவளுக்குச் சமைக்கச் சொல்லித்தர ஒரு தாய் இல்லையா என்று உரக்கவே கேட்டேன். உன் முகம் மாவாய் வெளுத்தது. அடுக்களைச் சன்னலுக்குப் பின்னால் ஒரு வயதான சமையல்காரி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டால் நியாயம். உனக்கென்ன வந்தது?

இதையெல்லாம்கூட விழுங்கியிருப்பேன். கிளம்பும்போது அந்த மிரெல்லா உன் கோட்டின் இரண்டாவது பொத்தானைப் பிடித்துத் திருகி, “பரவால்லயே, இன்னும் நிக்குது” என்றாள். சிரித்தாள்.

ரயிலில் நீ தூங்குவதுபோல நடித்தபோது அந்தப் பொத்தானைப் பார்த்தேன். நாலு துளைப் பொத்தானை நான் குறுக்கும் நெடுக்குமாகத்தான் தைப்பேன். ஃபெர்ராராவில் பாதிப் பேர் கோட்டில் என் தையல் இருக்கிறது. இந்தப் பொத்தானில் நூல் இரண்டு நேர்கோடாக ஓடுகிறது, அடியில் கழுத்து சுற்றியிருக்கிறது. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் தன் புருஷன் கோட்டைக் கவனிக்கவில்லை. அது என் தப்பு. மற்றதெல்லாம் உன்னுடையது.

யார் தைத்தது? அதற்கு மட்டும் பதில் எழுது.

வில்மா

---

ஃபெர்ராரா
13 அக்டோபர் 1961

அன்புள்ள வில்மா,

நான் ‘அன்புள்ள’ என்றே தொடங்குகிறேன். எனக்குக் கை வருகிறது.

சூப் தீர்ந்துவிட்டது. இங்கே இரண்டு நாளாக மூடுபனி. மாடி வீட்டுக்காரர்கள் நோர்மாவின் மூட்டு எப்படியிருக்கிறது என்று கேட்கிறார்கள், தேவலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். திருமதி பெனெத்தி தன் மகளின் கல்யாணப் பாவாடைக்காக மூன்று தரம் வந்து போய்விட்டார். அவருக்காவது சீக்கிரம் வா.

நீ எழுதியதையெல்லாம் படித்தேன். இவ்வளவு சின்ன விஷயத்தை இவ்வளவு பெரிதாகத் தைக்க உன்னால் மட்டும்தான் முடியும். சைக்கிள் சீட் விற்கிறவன் நான், பத்து ஊர் சுற்றுகிறவன். அந்தக் கடை நல்ல கடை என்று வியாபாரத்தில் யாரோ சொன்னார்கள். வழியும் சொன்னார்கள். சூப்பில் ஒயின் ஊற்றிக் குடிப்பதைப் பட்டாளத்தில் ஜீனோ என்று ஒரு மந்தோவாக்காரன் பழக்கினான். கணப்புப் பக்கம் கிண்ணத்தைக் கண்டதும் அவன் நினைவு வந்தது, எழுந்துபோய்க் குடித்துவிட்டேன். இதற்காக ஒருத்தி வீட்டைவிட்டுப் போவாளா?

பொத்தான் விஷயம். போன குளிர்காலத்தில் ரொவிகோவில் அறுந்தது. தங்கியிருந்த விடுதியில் ஊசி நூல் வாங்கி நானே தைத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னால் கேலி செய்வாய் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் பொத்தான் தொங்குகிறது என்று நினைத்து இழுத்துப் பார்த்திருப்பாள். சாப்பாட்டுக்கடைப் பெண்கள் எல்லோரிடமும் அப்படித்தான் கலகலப்பாக இருப்பார்கள்.

அந்தத் தொர்தெல்லியைப் பற்றி நீ சொன்னது மட்டும் சரியில்லை வில்மா. மற்ற எதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வார்த்தையை நீ சொல்லியிருக்க வேண்டாம்.

திங்கட்கிழமை ரயிலுக்கு நிலையத்தில் வந்து நிற்கிறேன்.

உன் ஒரெஸ்தே

---

கியோஜ்ஜா
16 அக்டோபர் 1961

ஒரெஸ்தே,

நிலையத்தில் நின்று கால் கடுத்திருக்கும். பரவாயில்லை, உட்கார்வதற்கு உன்னிடம்தான் மூட்டை மூட்டையாய் சீட் இருக்கிறதே.

உன் கடிதத்தை நோர்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையைக்கூட நிறுத்தவில்லை. “பொய் சொல்றவன் இவ்வளவு காரணம் சொல்ல மாட்டான், பயந்தவன்தான் சொல்வான்” என்றாள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நான் சொன்னேன்.

பட்டாளத்து ஜீனோவை எனக்கு நன்றாகத் தெரியும். நம் கல்யாணத்துக்கு வந்தவன். பிரேஷ்யாக்காரன். மந்தோவாவைப் பற்றி அவன் வாயைத் திறந்ததே இல்லை. அடுத்த தடவை செத்துப்போன பட்டாளத்துக்காரன் ஒருவனைச் சொல், விசாரிக்க முடியாது.

பொத்தானை நீயே தைத்தாயாம். உன் காலுறையில் ஓட்டை விழுந்தால் காலை மடக்கி மறைத்துக்கொள்கிறவன் நீ. பொத்தானுக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவி, நூலைச் சுற்றினால்தான் அந்தக் கழுத்து வரும். அது பழக்கப்பட்ட கை. பொறுமையான கையும்கூட. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவசரமாகக் கட்டிலோரத்தில் உட்கார்ந்து தைத்த பொத்தானாக இருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அறுந்த ஒரு பொத்தானுக்கு ஆசையாய் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். உன்னைத் தன் மனுஷனாக நினைக்கிறவள் தைத்த தையல் அது.

இன்னொன்று கேள். ஏழு வருஷமாக மாதத்தின் முதல் வியாழக்கிழமை உனக்கு ரொவிகோ. மந்தோவாவில் வியாழக்கிழமைதான் சந்தை. இதைச் சொன்னது இங்கே கீழ்வீட்டில் இருக்கும் வெங்காய வியாபாரி. நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். கேட்கிற காது இருந்தால் ஊரே பேசும்.

உன் தொர்தெல்லி அனுதாபம் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. பதினைந்து வருஷம் நான் பிசைந்து போட்டதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதாதவன், அவள் கடைத் தொர்தெல்லிக்கு வக்காலத்து வாங்குகிறாய்.

இந்த வியாழக்கிழமை நான் மந்தோவாவுக்குப் போகிறேன். மூன்று ரயில் மாற வேண்டும், மாறுகிறேன். அவளிடமே கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நான் எந்த ஊர் ரயிலில் ஏறுவது என்று முடிவு செய்துகொள்கிறேன்.

வில்மா

---

ஃபெர்ராரா
18 அக்டோபர் 1961
அவசரத் தபால்

வில்மா,

போகாதே. தயவுசெய்து இந்த வியாழன் போகாதே.

நான் எழுதியது பொய்தான். ஜீனோ பொய், ரொவிகோ பொய், விடுதி ஊசி நூல் பொய். ஆனால் நீ நினைக்கிறது இல்லை. அங்கே ஒரு பெண் இருக்கிறாள், ஆனால் நீ நினைக்கிறபடி இல்லை. எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வாக்கியமும் இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது, மூன்று தாள் கிழித்துவிட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கைத் திருப்பிக் கேட்க எனக்கு ஒரு வாரம் கொடு.

கேட்காமல் போவாய் என்று தெரியும். போனால் மிரெல்லாவைத் திட்டாதே. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. முன்பக்கமாகப் போகாதே, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வேண்டாம். பின்னால் முற்றத்து வழியாக அடுக்களைக்குப் போ.

அங்கே போய், முதலில் நீ சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேள். அதை மட்டும் எனக்காகச் செய்.

ஒரெஸ்தே

---

கியோஜ்ஜா
21 அக்டோபர் 1961

ஒரெஸ்தே,

உன் அவசரத் தபால் எனக்கு முன்னால் அவசரப்படவில்லை. வியாழக்கிழமை நான் ரயிலேறிய பிறகுதான் வந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் உறை பிரிந்திருந்தது. தானாக ஒட்டு விட்டுப்போச்சு என்கிறாள் நோர்மா. கெட்டில் மூக்கில் காட்டினால் எல்லா ஒட்டும் விடும்.

ஆகவே முன்பக்கமாகத்தான் போனேன். சந்தை நாள், கடையில் இடமில்லை. நீ முன்னாலேயே வந்து கணப்புப் பக்கம் நின்றுகொண்டிருப்பாய் என்று பார்த்தேன், இல்லை. மிரெல்லா என்னைக் கண்டதும் கையிலிருந்த தட்டை யார் மேசையிலோ வைத்துவிட்டு ஓடி வந்தாள். வழி முழுக்க நான் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. என் புருஷன் கோட்டில் நீ ஒரு பொத்தான் தைத்திருக்கிறாய், அந்த நூலைப் பார்க்க வந்தேன் என்றுதான் சொல்ல முடிந்தது.

“எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுங்க. உள்ள வாங்க” என்றாள்.

அடுக்களையில் அந்த வயதான சமையல்காரி மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உருளையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரமே இல்லாத கை. அவருடைய மேலாடையில் நாலு துளைப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் நூல் இரண்டு நேர்கோடு.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. மகளுக்காகத் தாய் தைத்துக் கொடுத்திருக்கிறாள், இது குடும்பமாகச் சேர்ந்து நடத்துகிற அயோக்கியத்தனம் என்று நினைத்தேன். அப்புறம் உப்புப் பெட்டிக்கு மேலே சுவரில் செருகியிருந்த அட்டையைப் பார்த்தேன். உன் அப்பாவின் படம் போட்ட இறப்பு நினைவு அட்டை. ஏழு வருஷத்துக்கு முன் கோயில் வாசலில் நின்று நான் என் கையால் ஒவ்வொருவருக்கும் கொடுத்த அட்டை. இது இங்கே எப்படி வந்தது என்று கேட்டேன்.

“நீ குடுத்ததுதாம்மா. கறுப்புக் கையுறை போட்டிருந்தே. வந்ததுக்கு நன்றின்னு சொன்னே” என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அதன் மேலிருந்த மாவைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எனக்குப் பூசை வைக்கிறியாமே. பலிச்சிருக்கு பாரு, நல்லாத்தான் இருக்கேன்.”

உன் அம்மா. செலெஸ்தீனா. கடையில் எல்லோருக்கும் தீனா. மிரெல்லா அவருக்கு அங்கே பிறந்தவள், உன் தங்கை.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதிசயம்தான். அவர் எதையும் மறைக்கவில்லை. உன் அப்பா அடிப்பார் என்றார். ஒருநாள் மந்தோவாவிலிருந்து வந்த ஒரு மனுஷனோடு போய்விட்டேன் என்றார். புருஷனை விட்டு ஓடியவள் பிள்ளையைக் கேட்டால் சட்டம் தன்னைத்தான் சிறையில் போடும் என்று தெரிந்துதான் போனேன் என்றார். அந்த மனுஷன் சண்டைக்காலத்தில் செத்துப்போனாராம். கல்யாண நாளன்று என்னைக் கூட்டிவரச் சொன்னதும் அவரேதான். ஒன்றும் சொல்ல வேண்டாம், ஒரு வேளை என் கையால் சாப்பிட்டுப் போகட்டும் என்றாராம். அந்த ஒரு வேளைக்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். நீ எழுதியதைப் படிப்பதற்கு முன்பே நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பிஸ்கட் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதுதான் சரி என்று அதையும் சொல்லிவிட்டு வந்தேன். சிரித்தார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். வேறு ஒருத்தி என்றால் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். முடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன், அழுதிருப்பேன், இரண்டில் ஒன்று முடிந்திருக்கும். இதற்கு நான் என்ன செய்வது? எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே என் தாய் போய்விட்டாள். உன் தாயையாவது என் தாயாக நினைத்துக்கொள்ளலாம் என்று பதினைந்து வருஷம் பூசைக்குப் பெயர் கொடுத்தேன். ஒவ்வொரு நவம்பரிலும் முழங்காலில் நின்று, அந்த ஆத்துமா இளைப்பாற வேண்டும் என்று அழுதேன். நீ பக்கத்தில் நின்று கைக்குட்டை நீட்டினாய். உன் அப்பா இறந்த பிறகு நடந்த ஏழு பூசையில், அந்த அம்மா மாவு தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டே நீட்டினாய்.

உன் அப்பாவாவது உண்மையிலேயே செத்தாரா, ஒரெஸ்தே? கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

வில்மா

---

ஃபெர்ராரா
24 அக்டோபர் 1961

வில்மா,

அப்பா செத்துவிட்டார். பெட்டியை நானே தூக்கினேன். நீ கேட்டது நியாயம்தான்.

இனிமேல் ஒளிக்க ஒன்றுமில்லை, ஆகவே இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் எழுதிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன், அப்பா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார். “அம்மா போயிட்டா” என்றார். செத்துப்போனாள் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். அவர் திருத்தவில்லை. மறுநாள் என் சட்டைக் கையில் கறுப்புத் துணி கட்டிவிட்டார். ஒரு மாதத்தில் அந்த ஊரை விட்டு ஃபெர்ராராவுக்கு வந்துவிட்டோம், இங்கே கேட்பார் யாருமில்லை. உன்னைக் கல்யாணம் செய்தபோது அம்மா இல்லை என்று நான் சொன்னது பொய்யில்லை வில்மா. முதல் எட்டுப் பூசையில் நானும் உன்னோடு உண்மையாகத்தான் அழுதேன்.

அப்பாவின் சாவு அறிவிப்பு சுவர்களில் ஒட்டியதை யாரோ பார்த்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு மாதம் கழித்து என் வேலையிடத்து முகவரிக்குக் கடிதம் வந்தது. நான் போனேன். அம்மா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, அதில் ஒயினை விட்டு, “குளிர்ல வந்திருக்கே, மொதல்ல குடி” என்றாள். நின்றுகொண்டே குடித்தேன். அப்போது உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்க முடிந்திருக்காது. அன்றிலிருந்து மாதாமாதம் முதல் வியாழன் அப்படித்தான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நம் மாடியில் எல்தா இருந்தாளே, நினைவிருக்கிறதா? புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஒரு டிராம் ஓட்டுநரோடு போனவள். பாதி தைத்திருந்த அவளுடைய பச்சைக் கவுனை நீ அப்படியே சுருட்டி அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தாய். அன்று சாப்பிடும்போது சொன்னாய்: “இப்படி ஒரு அம்மா உயிரோட இருக்கிறதுக்கு, செத்துப்போன அம்மாவே மேல்.” எனக்கு ரொட்டியை நறுக்கிக்கொண்டே சொன்னாய். அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் அம்மாவின் கடிதம் வந்தது.

செத்துப்போன என் அம்மாவை உனக்கு அவ்வளவு பிடிக்கும். உயிரோடு இருக்கிறவளை நீ வாசலோடு அனுப்பிவிடுவாய் என்று பயந்தேன். அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். அப்ப அவளுக்கு நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன், சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆனால் அவளைச் சொல்லிப் பயனில்லை. கோழை நான்தான்.

ஒரெஸ்தே

---

கியோஜ்ஜா
27 அக்டோபர் 1961

ஒரெஸ்தே,

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமலில்லை.

சொன்னேன். எல்தாவைப் பற்றி நீ எழுதியது போலவேதான் சொன்னேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை நீ. அந்தக் கவுனில் ஒரு கைதான் பாக்கியிருந்தது, அதுவும் நினைவிருக்கிறது. நோர்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. “உன் வாய்க்கு அந்த அம்மா ரெண்டு தடவை செத்திருக்கா” என்றாள். ஒருமுறை அந்தச் சாப்பாட்டு மேசையில், இன்னொரு முறை தொர்தெல்லி மேசையில். இரண்டு முறையும் நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அந்த இரண்டுக்கும் நடுவில் ஏழு வருஷத்தில் ஒருநாளாவது வாயைத் திறந்து “வில்மா, என் அம்மா உயிரோடு இருக்கிறாள்” என்று சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். கத்தி முடித்திருப்பேன். நான் கத்தி முடித்த பிறகு எப்படி இருப்பேன் என்று பதினைந்து வருஷத்தில் உனக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது கேள். இந்த வருஷப் பூசைக்கும் செப்டம்பரிலேயே நான் பெயர் கொடுத்துவிட்டேன். தொன் சில்வானோ சாமியாரின் நோட்டில் இறந்தவர்கள் பக்கத்தில் ‘செலெஸ்தீனா, ஒரெஸ்தேயின் தாய்’ என்று இருக்கிறது. அந்தப் பெயரை நான் போய் அடிக்கமாட்டேன். நீ போ. சீட்டு எழுதி யாரிடமும் கொடுத்தனுப்பாதே, பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போய்க் குசுகுசுக்காதே. பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது, அவர் முகத்தைப் பார்த்து, என் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று உன் வாயால் சொல். திருமதி பெனெத்தி காதில் விழுந்தாலும் விழட்டும். அவர் காதில் விழுந்தால் ஊருக்கு விழுந்த மாதிரி.

அதைச் செய்யாமல் எனக்கு எழுதாதே.

வில்மா

---

ஃபெர்ராரா
2 நவம்பர் 1961, வியாழன்

அன்புள்ள வில்மா,

செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பூசை முடிந்ததும் போனேன். சாமியார் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் முதலில் மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் காது மந்தம், உனக்குத் தெரியும். “யாரு செத்தா?” என்று கேட்டார். அதனால் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. “யாரும் சாகல சாமி. எங்கம்மா உயிரோட இருக்காங்க. மந்தோவாவுல இருக்காங்க.” படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். திருமதி பெனெத்தியும்தான். நாற்பத்து மூன்று வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் சொன்ன பிறகு இன்னொரு தரம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன்.

சாமியார் உள்ளே கூட்டிப்போய் நோட்டை எடுத்து, கண்ணாடி போட்டு, பெயரைத் தேடி ஒரு கோடு போட்டார். கல்லறைத் திருநாளில் உயிரோடு இருப்பவர்களுக்கு இடமில்லை, வேறு நாள் சொல் என்றார். அடுத்த வியாழன் என்று வாயில் வந்துவிட்டது. உயிரோடு இருப்பவர்கள் பக்கத்தில் ஒன்பதாம் தேதிக்கு நேராக எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, “பதினஞ்சு வருஷம் உன் பொண்டாட்டி வச்ச பூசை வீண் போகல, யாராவது ஒரு ஆத்துமா வாங்கிட்டிருக்கும்” என்றார்.

இன்று கல்லறைத் திருநாள். தனியாகப் போய் அப்பாவின் கல்லறையைத் துடைத்துவிட்டு வந்தேன். அவரிடமும் சொன்னேன்.

இனி நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் நிலையத்தில் நிற்கமாட்டேன், நீ எழுதினால் தவிர.

ஒரெஸ்தே

---

கியோஜ்ஜா
5 நவம்பர் 1961

அன்புள்ள ஒரெஸ்தே,

புதன்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வா, சுமை இருக்கிறது. உன்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நீ ரொவிகோ போகிறேன் என்றால் இனிமேல் ரொவிகோ ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். திருமதி பெனெத்திக்கும் போன வாரமே தனியாக ஒரு கடிதம் எழுதி, பூசை முடிந்ததும் நீ ஏதாவது சொன்னாயா என்று கேட்டிருந்தேன். சொன்னாய் என்று பதில் வந்தது, நான்கு பக்கம்.

வியாழக்கிழமை காலை பூசையில் இரண்டு பேரும் முன்வரிசையில் உட்காருகிறோம். முடிந்ததும் மந்தோவா ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடு. அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு வா. பொத்தானை நான் பிரித்துத் தைக்கப்போவதில்லை. நன்றாகத்தான் தைத்திருக்கிறார்.

சுமை என்னவென்று கேட்பாய். கியோஜ்ஜாப் பரங்கிக்காய், இரண்டு. அடுக்களையில் பாதி மேசையை எனக்கு ஒழித்துவைக்கச் சொல்லி அத்தைக்கு எழுதிவிட்டேன். பிஸ்கட் டப்பாவை என் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறேன்.

வில்மா